முதல் கிராண்ட் கைக்கு வரும்வரை

போன இதழில் பேச்சோடு பேச்சாக, "புற்றுநோய் ஆராய்ச்சி செய்கிறவர்களுக்குப் பணம் தேவைப்படுகிற வயது முப்பது, கிடைக்கிற வயது நாற்பத்தைந்து" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அதனால் இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே. கிராண்ட் (ஆராய்ச்சி நிதி), ஃபெலோஷிப் (ஆராய்ச்சி உதவித்தொகை), புரபோசல் (நிதி கேட்டு எழுதுகிற திட்டம்) என்று லேப்பில் எப்படிப் பேசுகிறோமோ அப்படியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் வெளிமாநிலத்தில் புற்றுநோய் செல்களை வைத்து பி.எச்டி. செய்கிறாள். மூன்றாவது வருடம். நாலு மாதமாக ஃபெலோஷிப் வரவில்லை, ஹாஸ்டல் பணம் நாங்கள்தான் கட்டினோம். வயது 28. "இன்னும் படிக்கிறாளா?" என்று உறவுக்காரர்கள் கேட்டால் பதில் சொல்ல முடியவில்லை. இதற்கு எதிர்காலம் இருக்கிறதா?
ஒரு தாய், தஞ்சாவூர்

அம்மா, முதலில் உறவுக்காரர்களுக்கான பதில்: உங்கள் மகள் வேலை பார்க்கிறாள். செல் கல்ச்சர், அதாவது செல்களை லேப்பில் வளர்க்கிற வேலை, செய்கிறவர்களின் நாள் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். செல்கள் வளரும் மீடியம் என்கிற திரவம் இளஞ்சிவப்பாக இருக்கும், செல்கள் அதைத் தின்று கழிவைத் தள்ளத் தள்ள அது மஞ்சளாக மாறும், மஞ்சளானால் உடனே மாற்றியாக வேண்டும், அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமையா தீபாவளியா என்பதெல்லாம் செல்களுக்குத் தெரியாது. உங்கள் மகள் பண்டிகைக்கு ஊருக்கு வந்தால் பாதி மனசு அந்த இன்குபேட்டரில்தான் இருக்கும். இதைப் படிப்பு என்று சொல்லிச் சொல்லியே சம்பளத்தைத் தள்ளிப்போடுவது எல்லோருக்கும் சுலபமாகிவிட்டது.

2023 ஜூனில் மத்திய அரசு ஜே.ஆர்.எஃப். என்கிற தொடக்க நிலை ஃபெலோஷிப் தொகையை மாதம் 31,000 ரூபாயிலிருந்து 37,000 ஆக்கியது, அதற்கு அடுத்த நிலையான எஸ்.ஆர்.எஃப். 35,000இலிருந்து 42,000 ஆனது, அந்த வருடம் ஜனவரி 1 முதல் கணக்கு. அதற்கு முன்னால் ஆராய்ச்சி மாணவர்கள் பல ஊர்களில் தெருவில் இறங்கிக் கேட்க வேண்டியிருந்தது. இரண்டு வருடம் முடிந்து மதிப்பீட்டுக் கமிட்டியும் முடிந்திருந்தால் உங்கள் மகள் இந்நேரம் எஸ்.ஆர்.எஃப். ஆகியிருக்க வேண்டும். அது நடந்ததா என்று கேளுங்கள், சில இடங்களில் அந்தக் கமிட்டியைக் கூட்டாமலே மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள்.

பணம் ஏன் தாமதமாகிறது? பெரும்பாலும் யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. முந்தைய தவணைக்கு யூ.சி. என்கிற பயன்பாட்டுச் சான்றிதழும் செலவுக் கணக்கும் போனால்தான் அடுத்த தவணை வரும், அதில் ஒரு கையெழுத்து விட்டுப்போனாலும் ஃபைல் திரும்பி வரும், நடுவில் மார்ச் 31 குறுக்கிட்டால் அடுத்த நிதியாண்டு தொடங்கி ஒதுக்கீடு வரும்வரை காத்திருக்க வேண்டும். என் பி.எச்டி. காலத்தில் ஏழு மாதம் இப்படி ஓடியது. மெஸ் பாக்கி ஏறி, சாப்பாட்டு நேரத்தில் மேனேஜர் கண்ணில் படாமல் வேறு வாசல் வழியாகப் போவேன். கடைசியில் எங்கள் லேப் அட்டெண்டர் ஐயா, தன் சம்பளத்திலிருந்து 2,000 ரூபாயை ஒரு கிளவ்ஸ் டப்பாவுக்குள் வைத்துக் கொடுத்தார், மற்றவர்கள் முன்னால் எனக்குச் சங்கடமாக இருக்கக் கூடாது என்று. அந்த டப்பாவின் நீல நிறம்கூட ஞாபகம் இருக்கிறது.

உங்கள் மகள் செய்ய வேண்டியது: கணக்குப் பிரிவில் போய் "யூ.சி. போய்விட்டதா, எந்தத் தேதியில் போனது" என்று கேட்டு, அதையே மெயிலிலும் எழுதி வாங்கிக்கொள்ளட்டும். நிறுவனத்தின் சொந்த நிதியிலிருந்து முன்பணம் தர வழி இருக்கிறதா என்று கைடு மூலமாகக் கேட்கட்டும், சில இடங்களில் தருகிறார்கள். தனியாகப் போகாமல், அதே நிலையில் உள்ள நாலைந்து பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கடிதம் கொடுப்பது நல்லது.

எதிர்காலம் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன். பி.எச்டி. முடிந்து மூன்று நான்கு வருடம் போஸ்ட்டாக், அதாவது இன்னொருவர் லேப்பில் தற்காலிக ஆராய்ச்சி வேலை, அப்புறம்தான் சொந்த லேப் என்ற பேச்சே. ஆனால் ஒன்று பாருங்கள். ராகுல் புர்வார் என்கிற விஞ்ஞானி 2013இல் அமெரிக்காவிலிருந்து திரும்பி ஐ.ஐ.டி. பம்பாயில் சேர்ந்தார். மும்பை டாடா மெமோரியல் புற்றுநோய் மருத்துவமனை டாக்டர்களோடு சேர்ந்து அவர் குழு உருவாக்கிய கார்-டி செல் சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது, இந்தியாவில் உருவான முதல் கார்-டி அதுதான். நோயாளியின் சொந்த ரத்த செல்லை எடுத்து, புற்றுநோயைத் தாக்கும்படி மாற்றி, திரும்ப உடம்பில் ஏற்றுகிற சிகிச்சை. அமெரிக்காவில் கோடிகளில் ஆகிற செலவு இங்கே லட்சங்களில் வந்து நிற்கிறது. அந்தப் பத்து வருடத்தில் லேப் மேஜையில் நின்று வேலை செய்தவர்களில் உங்கள் மகளைப் போன்ற பி.எச்டி. மாணவிகளும் இருந்தார்கள். அவள் செய்வது வீண் வேலை இல்லை அம்மா. பணம் தேதிக்கு வராததுதான் குறை, அந்தக் குறை அவளுடையது இல்லை.

கேன்சருக்கு அரசும் கம்பெனிகளும் கோடி கோடியாகச் செலவு செய்கின்றன. இளம் விஞ்ஞானிகளுக்கு என்று தனியாக எதற்கு நிதி? நல்ல ஐடியா இருந்தால் பொதுவான போட்டியிலேயே ஜெயிக்கலாமே?
கல்லூரி மாணவர், மதுரை

தம்பி, பொதுப் போட்டிக்கு ஒரு புரபோசல் எழுதிப் பார். "முதற்கட்டத் தரவு எங்கே?" என்று கேட்பார்கள். அந்தத் தரவை எடுக்கக் காசு வேண்டும், காசு வாங்கத் தரவு வேண்டும். இருபது வருடமாக லேப் நடத்துகிறவர் பழைய கிராண்ட்டில் மிஞ்சியதை வைத்துத் தரவு எடுத்து அடுத்த கிராண்ட் வாங்கிவிடுவார். நேற்றுச் சேர்ந்தவருக்குக் காலி மேஜைதான் இருக்கும். அதனால்தான் தனி வரிசை வேண்டும் என்கிறேன்.

யெல்லப்பிரகட சுப்பாராவ் என்கிற விஞ்ஞானியின் கதை தெரியுமா? பீமாவரத்தில் பிறந்தவர், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் மருத்துவம் முடித்தவர். 1923இல் பாஸ்டனில் போய் இறங்கியபோது மாமனார் கொடுத்த பணத்தை விட்டால் சொல்லிக்கொள்கிற மாதிரி எந்த உதவித்தொகையும் கிடையாது. ஒரு மருத்துவமனையில் இரவு வேலை பார்த்தார், நோயாளிகளின் மலச்சட்டி கழுவுகிற வேலை உட்பட. பகலில் ஆராய்ச்சி. பாஸ்பரஸை அளக்க ஃபிஸ்கே என்கிற விஞ்ஞானியுடன் அவர் கண்டுபிடித்த முறை இன்னமும் அவர்கள் இருவர் பெயரில்தான் இருக்கிறது. செல்லுக்கு ஆற்றல் தருகிற ஏ.டி.பி. என்கிற மூலக்கூறின் கண்டுபிடிப்பிலும் அவருக்குப் பங்கு உண்டு. ஆனாலும் ஹார்வர்டில் நிரந்தர இடம் கிடைக்கவில்லை. 1940இல் லெடர்லே என்கிற மருந்து கம்பெனிக்குப் போனார், அங்கேதான் ஆளும் பணமும் கையில் வந்தது. அங்கிருந்து வந்த அமினோப்டெரின் என்கிற மருந்தைத்தான் டாக்டர் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1948இல் வெளியான அறிக்கையில் 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியது. அதுவரை அந்தக் குழந்தைகளுக்கு டாக்டர்கள் செய்வதற்கு ஒன்றுமே இருக்கவில்லை. அதே குடும்பத்து மருந்தான மெதோட்ரெக்ஸேட் இன்றைக்கும் குழந்தைகள் வார்டில் இருக்கிறது. சுப்பாராவ் அதே 1948 ஆகஸ்ட்டில் 53 வயதில் இறந்துவிட்டார்.

இந்தக் கதையைச் சிலர் "பார், கஷ்டப்பட்டால்தான் சாதிக்க முடியும்" என்று சொல்லப் பயன்படுத்துகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. கையில் வசதி வந்த பிறகு அவருக்குக் கிடைத்தது எட்டே வருடம். இருபத்தெட்டு வயதில் கிடைத்திருந்தால்?

இப்போது இங்கே நிலைமை பரவாயில்லை. மத்திய அரசின் இன்ஸ்பயர் ஃபேக்கல்டி ஃபெலோஷிப் 5 வருடம், சம்பளம் தவிர ஆராய்ச்சிக்கு வருடம் 7 லட்சம். புதிதாக வேலையில் சேர்ந்தவர்களுக்கு எஸ்.இ.ஆர்.பி. என்கிற மத்திய அரசு நிதி அமைப்பு இரண்டு வருடத்துக்கு 30 லட்சம் ஸ்டார்ட்-அப் கிராண்ட் கொடுத்து வந்தது. அந்த அமைப்பு இப்போது அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குள் போய்விட்டது, அவர்கள் பிரதமர் பெயரில் இளம் ஆய்வாளர் கிராண்ட் தருகிறார்கள். 30 லட்சம் என்றால் பெரிதாகத் தெரியும். செல்லில் ஒரு குறிப்பிட்ட புரதம் இருக்கிறதா என்று பார்க்கப் பயன்படுகிற ஒரு நல்ல ஆன்டிபாடி, 100 மைக்ரோலிட்டர், அதாவது இரண்டு மூன்று சொட்டு, ஐஸில் வைத்து வரும், 40,000 ரூபாய் சர்வ சாதாரணம். புற்றுநோய் லேப்பில் அப்படிப் பத்துப் பதினைந்து தேவைப்படும். 2024 ஜூலை பட்ஜெட்டில் லேப் ரசாயனங்களுக்கான சுங்க வரியை 10 சதவீதத்திலிருந்து 150 சதவீதமாக ஏற்றிவிட்டார்கள், நாடு முழுக்க லேப்கள் கத்திய பிறகு பத்து நாளுக்குள் பழையபடி இறக்கினார்கள். அந்தப் பத்து நாள் எத்தனை பேர் ஆர்டரை நிறுத்தி வைத்துக்கொண்டு தவித்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஹூஸ்டனில் போஸ்ட்டாக். வந்து ஒன்றரை வருடம், விசாவில்தான் இருக்கிறேன், கிரீன் கார்டு இல்லை. எதற்கெல்லாம் விண்ணப்பிக்கலாம்? 2025க்குப் பிறகு இங்கே நிலைமை மோசம் என்கிறார்களே?
ஒரு வாசகர், அமெரிக்கா

தம்பி, உங்களுக்கு அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனம் தருகிற கே99 கிராண்ட் என்கிற வாசல் திறந்திருக்கிறது, அதற்குக் குடியுரிமை தேவையில்லை. முதல் இரண்டு வருடம் வரை இப்போதுள்ள வழிகாட்டியின் கீழ், பிறகு சொந்தமாக உதவிப் பேராசிரியர் ஆனதும் ஆர்00 என்று மூன்று வருடம், வருடத்துக்கு 2,49,000 டாலர் வரை. போஸ்ட்டாக் அனுபவம் நாலு வருடத்தைத் தாண்டுவதற்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதுதான் கண்டிப்பான நிபந்தனை. நாலு வருடம் நிறைய இருப்பது போலத் தோன்றும். முதல் முறை திரும்பி வந்தால் திருத்தி மறுபடி அனுப்ப ஒரு வருடம் போய்விடும், ஆகவே மூன்றாம் வருடத் தொடக்கத்திலேயே முதல் முயற்சியை அனுப்பிவிடுங்கள். எஃப்32 என்கிற ஃபெலோஷிப் பக்கம் போகாதீர்கள், அது குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும்தான். டேமன் ரன்யன் ஃபெலோஷிப் வெளிநாட்டவருக்கும் உண்டு, ஆனால் லேப்பில் சேர்ந்து ஒரு வருடத்துக்குள் கேட்டிருக்க வேண்டும். உங்களுக்கு அது தாண்டிவிட்டது, அடுத்து வருகிற தம்பி தங்கைகளிடம் சொல்லி வையுங்கள்.

நிலைமை மோசமா என்றால், ஆமாம். அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்துக்கு வருடத்துக்கு 700 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கீடு இருக்கிறது. ஆனாலும் 2024இல் சொந்த லேப் நடத்துகிறவர்களுக்கான அவர்களுடைய ஆர்01 கிராண்ட்டுக்கு வந்த புரபோசல்களில், எளிமையாகச் சொன்னால், நூற்றுக்கு முதல் 10 இடத்தில் இருந்தால்தான் பணம், இளம் ஆய்வாளர்களுக்கு மட்டும் 17 வரை. 2025இல் அது 4 ஆகவும் இளைஞர்களுக்கு 10 ஆகவும் இறங்கியது. பல வருடத்துக்கான தொகையை முதல் வருடத்திலேயே மொத்தமாகக் கொடுத்துவிட வேண்டும் என்று அரசு சொன்னதில், இருக்கிற பணத்தில் குறைந்த பேருக்கே கொடுக்க முடிந்தது. நூற்றில் ஐந்தாவதாக வந்த புரபோசலில் என்ன குறை இருந்திருக்கும் சொல்லுங்கள்? அதை எழுதியவர் தன் லேப்பில் இருக்கும் மாணவரிடம் போய் அடுத்த வருடம் சம்பளம் இல்லை என்று சொல்ல வேண்டும். ஏற்கெனவே அங்கே முதல் ஆர்01 வாங்குகிறவர்களின் சராசரி வயது 40ஐத் தாண்டிவிட்டது. இதில் மனம் வெதும்புவது இயற்கை. ஆனால் உங்கள் தகுதியை அந்த எண்ணால் அளக்காதீர்கள்.

ஊர் திரும்பும் யோசனை கொஞ்சமாவது இருந்தால் இரண்டு பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று ராமலிங்கசுவாமி ரீ-என்ட்ரி ஃபெலோஷிப், வெளிநாட்டில் இருக்கிற இந்தியர்கள் திரும்புவதற்கென்றே உள்ளது. இன்னொன்று இந்தியா அலையன்ஸ், மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையும் லண்டன் வெல்கம் டிரஸ்டும் சேர்ந்து நடத்துவது, இதன் அடுத்த கட்டத்துக்கு 2025 அக்டோபரில் 1,500 கோடி ரூபாய்க்கு அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருக்கிறது. கைடு பெயரில் வராமல் உங்கள் பெயரிலேயே வருகிற பணம் இது. எந்தக் கேள்வியைத் துரத்துவது என்று நீங்களே முடிவு செய்யலாம் என்பதுதான் இதில் பெரிய விஷயம்.

அரசு மருத்துவக் கல்லூரியில் உதவிப் பேராசிரியர். ஓ.பி.யில் தினம் நூற்றைம்பது பேர். லேப் கிடையாது. எனக்கெல்லாம் புற்றுநோய் ஆராய்ச்சி சாத்தியமா?
ஒரு டாக்டர், திருநெல்வேலி

சாத்தியம் டாக்டர், சொல்லப்போனால் லேப்பில் இருக்கும் எங்களால் கேட்க முடியாத கேள்விகள் உங்களிடம்தான் இருக்கின்றன. மார்பகப் புற்றுநோய் அறுவைக்குச் சற்று முன்னால் கட்டியைச் சுற்றி லிக்னோகெய்ன் ஊசி போட்டால் என்ன ஆகும் என்று டாடா மெமோரியல் டாக்டர்கள் 11 மையங்களில் 1,600 பெண்களிடம் பார்த்தார்கள். பல் பிடுங்கும்போது போடுகிற அதே மரப்பு மருந்து. 5 வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் ஊசி போடாதவர்களில் 86.4 சதவீதம், போட்டவர்களில் 90.1 சதவீதம். இதில் எந்தக் கம்பெனிக்கு லாபம்? யார் காசு போடுவார்கள்? அதேபோல நிவோலுமாப் என்கிற புற்றுநோய் மருந்தை வழக்கமான 240 மில்லிகிராமுக்குப் பதில் 20 மில்லிகிராம் மட்டும் மற்ற மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்து, தலை கழுத்துப் புற்றுநோயாளிகளில் ஒரு வருடம் உயிரோடு இருந்தவர்கள், அதைச் சேர்க்காதபோது 16 சதவீதமாக இருந்ததை, 43 சதவீதமாக உயர்த்திக் காட்டியதும் அங்கேதான். மருந்தைக் குறைவாக விற்க யார் ஆராய்ச்சிக்குப் பணம் தருவார்கள்? இப்படிப்பட்ட கேள்விகளுக்கு அரசுப் பணமும் பொதுமக்கள் பணமும்தான் வர வேண்டும்.

உங்களுக்கு வேண்டியது மெஷினை விட நேரம். இந்தியா அலையன்ஸில் மருத்துவர்களுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், அதாவது ஐ.சி.எம்.ஆர்., தருகிற கிராண்ட்டும் பாருங்கள். அது எழுதும்போது ஒரு ரிசர்ச் நர்ஸுக்கும் டேட்டா எழுத ஒருவருக்கும் சம்பளம் கட்டாயம் போடுங்கள், நிறைய டாக்டர்கள் கூச்சப்பட்டு அதை விட்டுவிட்டு அப்புறம் ராத்திரி பதினொரு மணிக்குத் தாங்களே எக்செல் நிரப்புகிறார்கள். உங்கள் மருத்துவமனை நேஷனல் கேன்சர் கிரிட் என்கிற புற்றுநோய் மருத்துவமனைகளின் கூட்டமைப்பில் இருக்கிறதா என்று விசாரியுங்கள், பெரிய மையங்களோடு சேர அது நல்ல வழி.

குழந்தை பிறந்து மூன்று வருடம் லேப்பை விட்டு இருந்தேன். இப்போது 34. எல்லா ஃபெலோஷிப்பிலும் வயது வரம்பு இடிக்கிறது.
ஒரு வாசகி, கோவை

எனக்கு மிகவும் கோபம் வருகிற விஷயம் இது, ஏனென்றால் குழந்தை பிறக்கும் வயதும் முதல் கிராண்ட் கேட்கும் வயதும் ஒன்றேதான், அது தெரிந்தே வயது வரம்பு வைக்கிறார்கள். தேசிய போஸ்ட்டாக் ஃபெலோஷிப்புக்கு 35 வரை நேரம் இருக்கிறது, உடனே பாருங்கள். பெரும்பாலான திட்டங்களில் பெண்களுக்கு வயதுத் தளர்வு உண்டு, ஆனால் விளம்பரத்தின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும், அதுவரை படியுங்கள். இடைவெளிக்குப் பின் திரும்பும் பெண்களுக்கு வைஸ்-கிரண் திட்டமும், பயோகேர் திட்டமும் இருக்கின்றன. புரபோசலில் அந்த மூன்று வருடத்தை மறைக்காமல் ஒரே வரியில் "குழந்தைப் பேறு, பராமரிப்பு" என்று எழுதிவிட்டு மேலே போய்விடுங்கள். மன்னிப்புக் கேட்கிற தொனி வேண்டாம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர். என் மனைவி மார்பகப் புற்றுநோயில் தவறிவிட்டாள். அவள் பெயரில் ஒரு லட்சம் ரூபாய் ஆராய்ச்சிக்குக் கொடுக்க ஆசை. இது ஒரு தொகையா என்று தயக்கமாக இருக்கிறது.
ஒரு வாசகர், கும்பகோணம்

ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தயங்கவே தயங்காதீர்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயில் இறந்தார், அந்தத் துயரத்திலிருந்துதான் 1954இல் அடையாறு புற்றுநோய் மையம் 12 படுக்கையோடு தொடங்கியது, ஊர் ஊராக மக்கள் கொடுத்த பணத்தில் வளர்ந்தது. மேலே சொன்ன டேமன் ரன்யன் நிதியும் அப்படித்தான்: 1946இல் டேமன் ரன்யன் என்கிற அமெரிக்கப் பத்திரிகையாளர் தொண்டைப் புற்றுநோயில் இறந்ததும் அவருடைய நண்பர் வால்டர் வின்செல் வானொலியில் "ஆளுக்குக் கொஞ்சம் அனுப்புங்கள்" என்று கேட்டுத் தொடங்கியது. இன்றுவரை இளம் புற்றுநோய் ஆராய்ச்சியாளர்களுக்குத்தான் அந்தப் பணம் போகிறது.

ஒரு லட்சம் என்றால் ஒரு ஜே.ஆர்.எஃப். பிள்ளையின் கிட்டத்தட்ட மூன்று மாத ஸ்டைபண்ட். முன்னால் எழுதிய தஞ்சாவூர் அம்மாவின் மகளுக்கு அது வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் நம்பும் ஒரு பொதுப் புற்றுநோய் மருத்துவமனை அல்லது ஆய்வு நிறுவனத்துக்கு நேரில் போய், "ஃபெலோஷிப் தாமதமாகும் மாணவர்களுக்கு முன்பணம் தர இதை வைத்துக்கொள்ளுங்கள், அவர்களுக்குப் பணம் வந்ததும் இதில் திருப்பிப் போடட்டும்" என்று எழுதிக் கொடுங்கள். அப்படிச் செய்தால் அந்த ஒரு லட்சம் தீராது, உங்கள் மனைவியின் பெயரில் சுற்றிக்கொண்டே இருக்கும். வரிச்சலுகைக்கான நன்கொடை ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். எதற்கு என்பதை எழுத்தில் கொடுப்பது முக்கியம், இல்லாவிட்டால் பொது நிதியில் கலந்துவிடும்.

முதல் கிராண்ட் போன வாரம் வந்தது! முதலில் என்ன வாங்கலாம்?
உதவிப் பேராசிரியை, சென்னை

வாழ்த்துகள் அம்மா, கடிதத்திலேயே சிரிப்புத் தெரிகிறது. முதலில் ஆள் எடுங்கள். பெரிய மெஷின் வாங்கும் ஆசையை ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள், பக்கத்து லேப்பில் இருந்தால் கேட்டுப் பயன்படுத்திக்கொள்ளலாம். 2025 ஜூனில் ஆராய்ச்சிக் கொள்முதல் விதிகளைத் தளர்த்தி, கொட்டேஷன் இல்லாமல் வாங்கும் வரம்பை 1 லட்சத்திலிருந்து 2 லட்சமாக்கியிருக்கிறார்கள். உங்கள் பர்ச்சேஸ் பிரிவுக்கு இது தெரியுமா என்று பாருங்கள், தெரியாவிட்டால் அந்த ஆணையை அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

அப்புறம், மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர் வாங்கினால் அதை எந்த பிளக்கில் மாட்டுகிறீர்கள் என்று பாருங்கள். நான் சொந்தமாக லேப் தொடங்கிய வருடம், ஒரு நீண்ட வார இறுதியில் மின்சாரம் போய், ஜெனரேட்டர் வந்தும், எங்கள் பிளக் மட்டும் அந்த லைனில் இல்லை. திங்கட்கிழமை காலையில் கதவைத் திறந்தபோது காலடியில் தண்ணீர். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் காத்திருந்து வாங்கிய கட்டித் துணுக்குகள், ஒவ்வொன்றும் ஒருவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது, அறுபத்து மூன்று. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, ஜெனரேட்டர் லைன் எது என்று கேட்டு, அந்த பிளக்கின் மேல் சிவப்பு டேப் ஒட்டுங்கள். ஃப்ரீசர் வந்து இறங்குவதற்கு முன்பே ஒட்டிவிடுங்கள்.